ஆய்வகப் பயிற்சியைப் பற்றிப் பொறியியல் மாணவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

பொறியியல் கல்லூரிகளில் பருவம் முடியும் தறுவாயில் மாணவர்களிடம் ஒரு கருத்துப் படிவம் கொடுக்கப்படுவது வழக்கம். “ஆய்வகப் பயிற்சி பயனுள்ளதாக இருந்தது”, “கருவிகள் நல்ல நிலையில் இருந்தன”, “ஆசிரியர் தெளிவாக விளக்கினார்” என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் இருக்கும். விடைகளைக் கூட்டி வகுத்தால் 4.1 என்றோ 3.8 என்றோ ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த பருவத்தில் எந்தச் சோதனையை மாற்ற வேண்டும், எந்த இடத்தில் மாணவர்கள் தடுமாறுகிறார்கள், யார் கருவியைத் தொடாமலேயே பருவத்தைக் கடத்தினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது, பிடிக்கவில்லை என்ற விடைதான் வரும். மேசையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் ஆய்வகம் உண்மையில் எப்படி நடக்கிறது என்பது தெரியவரும்.

அந்த இரண்டாவது வகைக் கேள்விகளை உருவாக்கி, உரிய நேரத்தில் கேட்டு, விடைகளைப் படித்து, மாற்றம் செய்வது வரையிலான வேலையை ஆய்வக ஆசிரியர்களுக்காக இங்கே விளக்குகிறேன். இதற்குப் புள்ளியியல் வல்லுநராக இருக்கத் தேவையில்லை. பொறுமையும், கசப்பான விடை வந்தாலும் படித்துப் பார்க்கும் மனமும் இருந்தால் போதும்.

மாணவர் கருத்து எதற்குச் சாட்சி?

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். தாம் எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்பதை மாணவர்கள் தாமே மதிப்பிடும்போது, அந்த மதிப்பீடு பல வேளைகளில் தவறிப்போகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சரளமான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். தாங்களே கணக்குகளோடு போராடும்படி அமைக்கப்பட்ட வகுப்பில் இருந்தவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். ஆனால் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் இந்த இரண்டாவது பிரிவினர்தாம். முயற்சி கூடக்கூட, எதுவும் புரியவில்லையோ என்ற உணர்வும் கூடுகிறது. ஆய்வகம் என்பதே முயற்சியும் தடுமாற்றமும் நிறைந்த இடம் என்பதால், “இந்தச் சோதனையிலிருந்து நிறையக் கற்றேன்” என்ற வாக்கியத்துக்கு வரும் மதிப்பெண்ணைக் கற்றலின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதற்காக மாணவர் கருத்தைத் தள்ளிவிடவும் முடியாது. எட்டுப் பத்து மேசைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருக்கும் ஆய்வகத்தில், ஒவ்வொரு மேசையிலும் என்ன நடந்தது என்று அறிந்தவர்கள் மாணவர்கள் மட்டுமே. இணைப்பைக் கொடுத்தது யார், அளவீடு எதிர்பார்த்தபடி வராதபோது என்ன செய்தார்கள், அடுத்த மேசையின் எண்களைப் பார்த்து எழுதினார்களா, எந்த நிமிடத்தில் கைவிட்டார்கள் ஆகியவற்றுக்கு அவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. கற்றலை அளக்கத் தேர்வு இருக்கிறது. அனுபவத்தை அறிய அதை அடைந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த வேறுபாடு முக்கியமானது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் உள்ளிட்ட இயற்பியல் கல்வி ஆய்வாளர்கள் 3 கல்வி நிறுவனங்களின் 9 ஆய்வகப் பாடங்களை ஆராய்ந்தார்கள். விரிவுரையில் சொன்ன கருத்தை உறுதிப்படுத்துவதற்கென்றே அமைக்கப்பட்ட ஆய்வகங்களுக்குச் சென்ற மாணவர்களுக்கும் செல்லாதவர்களுக்கும் இடையே, அந்தக் கருத்துகள் பற்றிய தேர்வு விடைகளில் அளக்கத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று கண்டார்கள். மாணவர்கள் சோம்பி இருந்தார்கள் என்பது இதன் பொருள் அன்று. எல்லா முடிவுகளையும் கையேடே எடுத்துவிட்டால் சிந்திக்க அவர்களுக்கு அதிகம் மிஞ்சுவதில்லை. எந்த நேரத்தில் சிந்தித்தார்கள், எந்த நேரத்தில் வெறுமனே படிகளைப் பின்பற்றினார்கள் என்று மாணவர்களிடம் கேட்டிருந்தால், தேர்வு முடிவுகளுக்குக் காத்திருக்காமல் இதைப் பெருமளவு முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும்.

கேள்விக்கு முன்னால் நோக்கம்

கேள்வி எழுத உட்காருவதற்கு முன், ஒவ்வொரு சோதனையும் எதற்காக இருக்கிறது என்று ஆசிரியர் தனக்குத்தானே எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு நல்ல துணை ஒன்று இருக்கிறது. 2002 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் கூடிய பொறியியல் கல்வியாளர்கள், ஆய்வகப் பயிற்சிக்கு 13 நோக்கங்களை வகுத்தார்கள். கருவிகளைக் கையாளுதல், கோட்பாட்டு மாதிரிகளின் எல்லையை அறிதல், சோதனையை வடிவமைத்தல், தரவுகளை ஆராய்தல், பாதுகாப்பு, எழுத்திலும் பேச்சிலும் தெரிவித்தல், குழுப்பணி போன்ற எதிர்பார்க்கத்தக்கவை அந்தப் பட்டியலில் உள்ளன. அவற்றோடு, பலரும் யோசிக்காத இரண்டும் உள்ளன. தோல்வியிலிருந்து கற்றல் ஒன்று. புலன்களால் உணர்ந்து முடிவெடுத்தல் மற்றொன்று. மோட்டார் சூடேறும் வாசனையையும் பம்பின் சத்தம் மாறுவதையும் கவனிக்கத் தெரிவது இந்த இரண்டாவது நோக்கத்தில் அடங்கும்.

ஒரே சோதனை பதின்மூன்றையும் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்றுவதாகச் சொல்லும் பாடத்திட்டத்தை நம்பவும் வேண்டாம். ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு அல்லது மூன்று நோக்கங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். உலோகத் துண்டை முறியும்வரை இழுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனையில் இயந்திரத்தை இயக்குபவர் உதவியாளர், மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள் என்றால், அங்கே கருவியைக் கையாளும் திறன் நோக்கம் அன்று. வளைகோட்டைப் படிப்பதும் முறிந்த பரப்பைப் பார்த்து உலோகத்தின் தன்மையைச் சொல்வதும் நோக்கங்களாக இருக்கலாம். இதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், மாணவர்களிடம் கேட்க வேண்டியது தானாகவே தெளிவாகும். முடிவு செய்யாமல் கேட்டால், எந்தச் சோதனைக்கும் பொருந்துகிற, எதற்கும் பயன்படாத பொதுக் கேள்விதான் மிஞ்சும்.

கேள்வியை எழுதுதல்

இந்த வேலையில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே என்பதால், ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்ப்போம். மின்னணுவியல் ஆய்வகத்தில் 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் கொண்ட எளிய தாழ்நிலை வடிகட்டியின் (குறைந்த அதிர்வெண்களை விட்டு உயர்ந்தவற்றைத் தடுக்கும் சுற்று) வெட்டு அதிர்வெண்ணை, அதாவது தடுத்தல் தொடங்கும் எல்லையை, அளக்க வேண்டும். சூத்திரப்படி விடை 159 ஹெர்ட்ஸ். மின்தடைக்கு 5 விழுக்காடும் மின்தேக்கிக்கு 10 விழுக்காடும் விலகல் அனுமதிக்கப்பட்டிருந்தால், சரியாகச் செய்யப்பட்ட சோதனையிலேயே 138 முதல் 186 ஹெர்ட்ஸ் வரை எந்த எண்ணும் வரலாம். ஒரு குழுவுக்கு 144 வருகிறது. இப்போது அவர்கள் செய்யக்கூடியவை பல. உறுப்புகளின் மதிப்பை மல்டிமீட்டரால் அளந்து 144 ஏன் வந்தது என்று விளக்கலாம், மீண்டும் அளக்கலாம், ஆசிரியரை அழைக்கலாம், அல்லது, பெரும்பாலும் நடப்பதுபோல, குறிப்பேட்டில் 157 என்று எழுதிவிட்டு நகரலாம்.

“இச்சோதனை கோட்பாட்டைப் புரிந்துகொள்ள உதவியது” என்ற வாக்கியத்துக்கு இந்த நான்கு வகை மாணவர்களும் நான்கு என்று மதிப்பெண் இட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: “உங்கள் அளவீடு சூத்திரம் தந்த மதிப்பிலிருந்து விலகியபோது நீங்கள் முதலில் செய்தது என்ன?” கீழே மேற்சொன்ன நான்கு விடைகளையும், ‘விலகல் எதுவும் வரவில்லை’ என்ற ஐந்தாவதையும் கொடுங்கள். இந்த ஒரு கேள்விக்கான விடைகள், பக்கம் பக்கமான மதிப்பெண் அட்டவணை சொல்லாததைச் சொல்லும். வகுப்பில் பாதிப் பேர் எண்ணை மாற்றி எழுதியதாகத் தெரிவித்தால் உடனே ஒழுக்கக் குறைவு என்று கொள்ள வேண்டாம். சூத்திரத்தோடு ஒத்துப்போகும் விடைக்குத்தான் மதிப்பெண் என்று மாணவர்கள் நம்புகிறார்கள் என்பதுதான் அதன் முதற்பொருள். அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தது நமது மதிப்பீட்டு முறையா என்று பார்ப்பதே நேர்மை.

அதே சோதனையில் கருவி சார்ந்த தடுமாற்றங்களையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சமிக்ஞை உருவாக்கியின் திரையில் 2 வோல்ட் என்று வைத்தால் மின்னழுத்தத்தை அலைவடிவமாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் 4 வோல்ட் காட்டும். உருவாக்கி 50 ஓம் சுமையை எதிர்பார்த்து அமைக்கப்பட்டிருப்பதே காரணம். சுற்றைத் தொட்டு அளக்கும் புரோபின் பொத்தான் பத்து மடங்குக் குறைப்பிலும் ஆசிலோஸ்கோப்பின் அமைப்பு ஒரு மடங்கிலும் இருந்தால், திரையில் தெரிவது உண்மை மதிப்பில் பத்தில் ஒரு பங்காக இருக்கும். பற்றவைக்காமல் சுற்று அமைக்க உதவும் பிரெட்போர்டுகளில் சிலவற்றின் மின்வழங்கல் வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். அது தெரியாத மாணவர் சுற்றின் ஒரு பாதி ஏன் இயங்கவில்லை என்று புரியாமல் அரை மணி நேரத்தைத் தொலைப்பார். “கருவிகளைப் பயன்படுத்துவது எளிதாக இருந்தது” என்ற கேள்வி இவற்றில் எதையும் பிடிக்காது. “இன்று அதிக நேரம் எடுத்த தடங்கல் எது? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டு இரண்டு வரி இடம் விடுங்கள். எனக்கு மிகவும் மதிப்பு வாய்ந்ததாகத் தோன்றும் கேள்வி இதுவே. வேறு எதையும் கேட்க நேரமில்லையென்றால் இதை மட்டுமாவது கேளுங்கள்.

யார் என்ன செய்தார்கள் என்பதற்கும் ஒரு கேள்வி வேண்டும். மூன்று பேர் கொண்ட குழுவில் ஒருவர் இணைப்புக் கொடுக்க, ஒருவர் எண்களைச் சொல்ல, மூன்றாமவர் எழுதிக்கொண்டே இருப்பது வழக்கமான காட்சி. ஒவ்வொரு வாரமும் அதே மூன்றாமவரே எழுதினால், பருவ முடிவில் அவர் ஆசிலோஸ்கோப்பைத் தொட்டிருக்கவே மாட்டார். கலப்புக் குழுக்களில் ஆண்கள் கருவிகளிலும் பெண்கள் எழுத்து வேலையிலும் நிலைத்துவிடும் போக்கு இயற்பியல் ஆய்வகங்களை நேரில் கவனித்த ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. “இன்று நீங்கள் உங்கள் கையால் செய்தவை எவை?” என்று கேட்டு, அந்தச் சோதனையின் வேலைகளைப் பட்டியலிட்டு, செய்தவற்றைக் குறிக்கச் சொன்னால் போதும். விருப்பத்தைக் கேட்கவே வேண்டாம். கேட்டால், எழுதும் வேலையே தனக்குப் பிடிக்கும் என்று அந்த மாணவி சொல்லக்கூடும். அது உண்மையான விருப்பமா, பழகிப்போன ஏற்பாடா என்பதை அந்த விடையிலிருந்து பிரித்தறிய முடியாது.

மதிப்பெண் அளவுகோல் முழுவதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய ஒப்புதல் அளவுகோல், மனப்பாங்கை அறிய இன்றும் பயன்படுகிறது. அதைப் பயன்படுத்தும்போது சில கட்டுப்பாடுகளைக் கடைப்பிடியுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டுமே இருக்க வேண்டும். “கருவிகள் போதுமானவையாகவும் நல்ல நிலையிலும் இருந்தன” என்றால், போதுமான எண்ணிக்கையில் பழுதான கருவிகள் இருந்த மாணவர் என்ன விடை சொல்வார்? எல்லா வாக்கியங்களும் புகழும் திசையிலேயே இருந்தால், படிக்காமல் ஒரே நெடுவரிசையில் குறியிடும் பழக்கம் வரும். சிலவற்றை எதிர்த்திசையில் அமையுங்கள், ஆனால் ‘இல்லாமல் இல்லை’ போன்ற இரட்டை மறுப்பைத் தவிருங்கள். ‘நான் இதைச் செய்யவில்லை’ என்ற தனிக் கட்டத்தையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், செய்யாதவர்கள் நடுவிலுள்ள மூன்றைக் குறித்துவிடுவார்கள். அந்த மூன்றுக்கு எந்தப் பொருளும் இருக்காது.

ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்வித் தொகுப்புகளிலிருந்து இரண்டு உத்திகளைப் பின்பற்றலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பவுல்டர் வளாகத்தில் இயற்பியல் ஆய்வகங்களுக்காக உருவாக்கப்பட்ட 30 வாக்கியங்கள் கொண்ட தொகுப்பில், ஒவ்வொன்றுக்கும் மாணவர் இரண்டு விடைகள் தருகிறார்: தான் என்ன நினைக்கிறேன் என்பது ஒன்று, அனுபவமுள்ள இயற்பியலாளர் என்ன சொல்வார் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி நிறையப் பேசும். ‘பொறியாளர் சந்தேகப்பட்டு மீண்டும் அளப்பார், நான் அளப்பதில்லை’ என்று சொல்லும் மாணவருக்குச் சரியானது எதுவெனத் தெரிந்திருக்கிறது. செய்வதற்கான நேரமோ காரணமோ கிடைக்கவில்லை. இரண்டாவது உத்தி, கெல்லி கேலோவேயும் ஸ்டேசி பிரெட்ஸும் 2015-இல் வேதியியல் ஆய்வகங்களுக்காக வெளியிட்ட கருவியில் உள்ளது. பருவம் தொடங்கும் முன் மாணவர்களின் எதிர்பார்ப்பையும், முடிந்தபின் அனுபவத்தையும் அதே வாக்கியங்களால் அது கேட்கிறது; ஆய்வகத்தில் செய்யும் வேலையை ஒட்டிய சிந்தனை, உணர்ச்சி ஆகிய இரண்டையும் தொடுகிறது. சிந்திக்க நிறைய இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு உள்ளே வந்த மாணவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பது அவர்களது முடிவுகளில் ஒன்று. ஆர்வமில்லாத மாணவர்கள் என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, அவர்கள் எந்த ஆர்வத்தோடு முதல் நாள் வந்தார்கள் என்று பதிவு செய்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்த படிவத்தை அப்படியே வகுப்பில் விநியோகித்துவிட வேண்டாம். மூன்று நான்கு மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, மனத்தில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே நிரப்பச் சொல்லுங்கள். ‘கையேடு’ என்று நீங்கள் எழுதியதை ஒருவர் சோதனைக் கையேடு என்றும் இன்னொருவர் கருவியின் கையேடு என்றும் புரிந்துகொள்வது அங்கேயே வெளிப்படும்.

எப்போது, யார் கேட்பது

பருவ முடிவில் கேட்டால் கடைசி இரண்டு சோதனைகளும், செய்முறைத் தேர்வு பற்றிய பதற்றமும்தான் விடையாக வரும். முதல் மாதத்தில் எங்கே தடுமாறினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே சோதனை முடிந்து மேசையைவிட்டு எழுவதற்கு முன், மூன்று நிமிடத்தில் நிரப்பக்கூடிய சிறு சீட்டாகக் கேளுங்கள். நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். எல்லா வாரமும் கேட்டால் சலிப்பு வரும். மாற்றவேண்டும் என்று நீங்கள் கருதும் சோதனைகளுக்கு மட்டும் கேட்டால் போதும். மதிப்பெண் அறிவிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மதிப்பெண் இடுபவரே கருத்தையும் சேகரித்தால் அந்தக் கருத்து எவ்வளவு நேர்மையாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. “எண்ணை மாற்றி எழுதினேன்” என்று ஒப்புக்கொள்ள ஒரு மாணவருக்குப் பாதுகாப்பு வேண்டும். பெயர், பதிவு எண் எதுவும் கேட்காதீர்கள். பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள பிரிவில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், குறியிடும் விடைகளாக அமைப்பதோ, தட்டச்சு செய்யச் சொல்வதோ, வேறு பிரிவுகளின் சீட்டுகளோடு கலந்துவிடுவதோ நல்லது. சீட்டுகளை வேறோர் ஆசிரியரோ மாணவப் பிரதிநிதியோ வாங்கி, மதிப்பெண்கள் பதிவான பிறகு உங்களிடம் ஒப்படைக்கலாம். முடிவுகளை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட எண்ணம் இருந்தால், நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் மாணவர்களின் சம்மதத்தையும் தொடங்கும் முன்பே பெற வேண்டும்.

படிவத்தோடு நிறுத்தாமல், பருவத்துக்கு ஒருமுறையாவது ஐந்தாறு மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. அந்தப் பருவத்தில் அவர்களுக்கு மதிப்பெண் இடாத ஒருவர் உரையாடலை நடத்த வேண்டும். ஆய்வகத்திலேயே, சோதனை வைக்கப்பட்ட மேசையருகே பேசுங்கள். கருத்தரங்க அறையில் பொத்தாம்பொதுவாகப் பேசும் மாணவர், கருவியின் முன் நிற்கும்போது “இந்தக் குமிழைத்தான் எதற்கென்று தெரியாமல் திருப்பிக்கொண்டிருந்தோம்” என்று விரலால் தொட்டுக் காட்டுவார். நடத்துபவர் கற்பிக்கத் தொடங்கிவிடக் கூடாது. மாணவர் தவறான விளக்கம் ஒன்றைச் சொன்னால் அந்த இடத்தில் திருத்தாமல் குறித்துக்கொள்ள வேண்டும். திருத்தத் தொடங்கிய கணமே உரையாடல் வாய்மொழித் தேர்வாக மாறிவிடும்.

விடைகளைப் படித்தல்

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். எடுத்துக்காட்டாக, முப்பது பேர் கொண்ட வகுப்பில் பதினைந்து பேர் ஐந்தையும் பதினைந்து பேர் ஒன்றையும் குறித்தால் சராசரி மூன்று. முப்பது பேரும் மூன்றைக் குறித்தாலும் சராசரி மூன்றேதான். முதல் வகுப்பில் இரண்டு வேறு அனுபவங்கள் இருக்கின்றன; ஒருவேளை பாதி மேசைகளில் புதிய கருவிகளும் மீதியில் பழையவையும் இருக்கலாம். எத்தனை பேர் எந்த எண்ணைக் குறித்தார்கள் என்பதை அப்படியே எழுதிவையுங்கள். இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு மாணவர் 4 விழுக்காடு என்பதால், போன பருவத்தைவிட 8 விழுக்காடு உயர்ந்துவிட்டது என்று மகிழ்வதிலும் பொருளில்லை.

பல வாக்கியங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி ஒரே எண்ணாக்க விரும்பினால், அவை உண்மையில் ஒரே பண்பைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும், லீ கிரோன்பாக் 1951-இல் தந்த ஆல்ஃபா கெழு இதற்குப் பயன்படுகிறது, 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பது நடைமுறை வழக்கம். ஆனால் கருவியின் நிலை, ஆசிரியரின் விளக்கம், குழுப்பணி மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு ஆல்ஃபா கணக்கிடுவதால் அந்தக் கூட்டுத்தொகைக்குப் பொருள் வந்துவிடாது.

எழுத்தில் வந்த விடைகளை இரண்டு முறை படியுங்கள். முதல்முறை எதையும் வகைப்படுத்தாமல் படியுங்கள். இரண்டாம் முறை ஒத்தவற்றைச் சேர்த்துப் பெயரிடுங்கள். இன்னோர் ஆசிரியர் தனியாக இதையே செய்து, பிறகு இருவரும் ஒப்பிட்டால், உங்களுக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆபத்து குறையும்.

மாணவர்கள் எழுதுவதை அப்படியே நம்புவதும் வேண்டாம், புறந்தள்ளுவதும் வேண்டாம்; அதன் பின்னால் இருப்பதைத் தேட வேண்டும். “நேரம் போதவில்லை” என்பது மிகவும் சாதாரணமான குறை. உடனே நேரத்தைக் கூட்டவோ சோதனையைச் சுருக்கவோ முடிவெடுக்காமல், நேரம் எங்கே போனது என்று தடங்கல் கேள்வியின் விடைகளில் பாருங்கள். கம்பி துண்டிப்பைத் தேடுவதில் போயிருந்தால் கம்பிகளை மாற்றினால் போதும். எல்லோரும் ஒரே கருவிக்காக வரிசையில் நின்றிருந்தால் சோதனைகளைச் சுழற்சியில் வைக்கலாம். வரைபடம் வரைவதில் போயிருந்தால் அந்த வேலையை ஆய்வகத்துக்கு வெளியே தள்ளலாம். மூன்றுக்கும் ஒரே வாக்கியம்தான் குறையாக வந்திருக்கும்.

“கையேடு தெளிவாக இல்லை” என்ற குறையில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இதைப் படித்த ஆசிரியர், நல்லெண்ணத்தோடு ஒவ்வொரு படியையும் இன்னும் விரித்து, எந்த முனையில் எந்தக் கம்பி, எந்தப் பொத்தானில் எந்த எண் என்றெல்லாம் எழுதிவிடுவார். அடுத்த பருவத்தில் மதிப்பெண் உயரும். மாணவர்கள் சிந்திக்க வேண்டிய கடைசி இடமும் மறைந்துபோகும். அதே மாணவர்கள் இன்னொரு கேள்விக்கு “எல்லாம் முன்கூட்டியே முடிவான சோதனைகள், நாங்களாகச் செய்ய எதுவும் இல்லை” என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் முரண் அல்ல. கருவியை இயக்குவது எப்படி, எவ்வளவு துல்லியம் போதும், எதற்கு மதிப்பெண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். எத்தனை அளவீடுகள் எடுப்பது, எந்த இடைவெளியில் எடுப்பது, முடிவை நம்பலாமா என்ற தீர்மானங்கள் தங்களிடம் இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறார்கள். ஆகவே கருவிக் குறிப்புகளைத் தனித்தாளில் விரிவாகக் கொடுங்கள். சோதனையின் தீர்மானங்களைத் திறந்து விடுங்கள். வடிகட்டிச் சோதனையில் “பின்வரும் இருபது அதிர்வெண்களில் அளக்கவும்” என்ற வரியை நீக்கி, “வெட்டு அதிர்வெண்ணை 5 விழுக்காட்டுத் துல்லியத்தில் சொல்லப் போதுமான இடங்களில் அளந்து, ஏன் அந்த இடங்கள் என்று ஒரு வரி எழுதவும்” என்று மாற்றினால், அதே கருவிகள், அதே நேரத்தில் சோதனையின் தன்மையே வேறாகிவிடும்.

உருவகப்படுத்தல் மென்பொருளையும், கருவிகளை இணையம் வழியே இயக்கும் தொலைநிலை ஆய்வகங்களையும் பற்றிய கருத்துகளைப் படிக்கும்போதும் இதே நிதானம் தேவை. நேரில் கருவியைத் தொடுவதையே மாணவர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால் பொருளடக்கம் சார்ந்த தேர்வுகளில் தொலைநிலை முறையில் பயின்றவர்கள் பின்தங்காத ஆய்வுகளும் உள்ளன. கம்பியைச் செருகிப் பார்த்துப் பழகுவது நோக்கமானால் நேரடி ஆய்வகத்துக்கு மாற்றே இல்லை. ஒரு மாறியை மாற்றினால் வளைகோடு எப்படி நகர்கிறது என்று பார்ப்பது மட்டுமே நோக்கமானால் மென்பொருள் அதைச் சிறப்பாகவே செய்யும். எது பிடித்தது என்ற விடையை நோக்கத்தோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கருத்தோடு செயலையும் ஒப்பிடுவதற்குச் சிறிய வழி ஒன்று இருக்கிறது. “ஆசிலோஸ்கோப்பைத் தனியாகப் பயன்படுத்த முடியும்” என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாரம், புரோபின் பொத்தானை வேண்டுமென்றே பொருந்தாத நிலையில் வைத்து, ஐந்து நிமிடத்தில் ஒரு மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இதற்கு மதிப்பெண் வேண்டாம். எத்தனை பேர் காரணத்தைக் கண்டார்கள் என்று பாருங்கள். முடியும் என்று சொன்னவர்களின் எண்ணிக்கைக்கும் கண்டவர்களின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு, எதைக் கற்பிக்க வேண்டும் என்று நேரடியாகச் சுட்டும். இந்தப் பயிற்சியின் நோக்கத்தை மாணவர்களிடம் முடிந்தவுடனே சொல்லிவிடுங்கள், சிக்கவைப்பதற்கான சூழ்ச்சி என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

மாற்றமும் பதிலும்

ஒரு பருவத்தில் ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கையேடு, குழு அளவு, மதிப்பீடு மூன்றையும் சேர்த்து மாற்றினால், அடுத்த விடைகள் எதனால் மாறின என்று சொல்ல முடியாது. முதலில் மாற்றத் தகுந்தது மதிப்பீடாகவே பெரும்பாலும் இருக்கும்: சூத்திரத்தோடு ஒத்துப்போகும் எண்ணுக்கு உள்ள மதிப்பெண்ணைக் குறைத்து, விலகலை விளக்குவதற்கு மதிப்பெண் கொடுங்கள். புதிய கருவி வாங்க நிதி வேண்டும். இதற்கு எதுவும் வேண்டியதில்லை.

கருத்துச் சொன்ன மாணவர்களுக்கு, அதே பருவத்துக்குள் பதில் சொல்லுங்கள். ஆய்வகக் கதவருகே ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி ஒட்டினால் போதும்: நீங்கள் சொன்னது, நாங்கள் மாற்றியது, மாற்ற முடியாததும் அதற்கான காரணமும். மூன்றாவதைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்க வேண்டாம். உயர் மின்னழுத்தச் சோதனையை ஏன் மாணவர்களே தனியாக இயக்க விடுவதில்லை என்ற காரணத்தைச் சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். மௌனமாக இருந்தால், படிவம் குப்பைக்குப் போயிற்று என்று முடிவு கட்டி அடுத்தமுறை எல்லாவற்றுக்கும் நான்கைக் குறித்துவிட்டுப் போவார்கள்.

அடுத்த பருவத்தில் அதே கேள்வியை, ஒரு சொல்லும் மாற்றாமல், அதே சோதனை முடிந்ததும் கேளுங்கள். சொல் மாறினால் ஒப்பீடு போய்விடும். சீட்டுகளின் தொகுப்பு, செய்த மாற்றம், அதன் தேதி ஆகியவற்றைச் சோதனைக் கையேட்டின் பின்பக்கத்திலேயே குறித்துவைத்தால், ஆய்வகப் பொறுப்பு வேறோர் ஆசிரியருக்குப் போகும்போதும் வரலாறு அறுபடாது. இரண்டு பருவங்களாக எல்லோரும் ஒரே விடையைத் தரும் கேள்வியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தடங்கல் கேள்விக்கு வந்த விடைகளிலிருந்து புதிய கேள்வி ஒன்றை எழுதிச் சேருங்கள்.